நெல்லிச் சாறு: சூட்டுக்கு அஞ்சலாமா?

நெல்லிச் சாறு தயாரித்து விற்கும் விவசாயிகள் சிலர், "சூடு காட்டாத பச்சைச் சாறு" என்று புட்டியில் எழுதி ஒட்டுகிறார்கள். சூடாக்கினால் வைட்டமின் 'சி' முழுவதும் போய்விடும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். இது பாதி உண்மைதான். பாதி உண்மையை நம்பிப் பிறர் குடிக்கும் பொருளைத் தயாரிப்பது முறையாகாது.

வைட்டமின் 'சி' சூட்டில் ஓரளவு குறையும். ஆனால் அதற்குப் பெரிய பகை காற்றிலுள்ள பிராணவாயுவே. காயை அரைத்தவுடனேயே இழப்பு தொடங்கிவிடுகிறது. செம்பும் இரும்பும் பட்டால் அது இன்னும் வேகமாகும். ஈயம் பூசாத பித்தளை அண்டாவில் காலை முதல் மாலை வரை சாற்றைத் திறந்து வைத்துவிட்டு, அடுப்பின் மேல் பழி போடுவதில் என்ன நியாயம்? (புளிப்பில் செம்பு கரைந்து சாற்றில் கலப்பது வேறு கேடு.) எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது.

சத்தைக் காப்பதில் உறைய வைப்பது சிறந்த முறை என்பதில் ஐயமில்லை. மைனஸ் 18 டிகிரி சென்டிகிரேடில் வைத்த சாறு பல மாதங்கள் தாங்கும். ஆனால் உறைநிலையில் கிருமிகள் பெரும்பாலும் சாவதில்லை, உறங்குகின்றன. மின்சாரம் நின்று சாறு இளகினால் விழித்துக்கொள்ளும். பழத்திலுள்ள நொதிகளும் அப்படித்தான்.

நெல்லியைக் கிளை உலுக்கிப் பறிக்கிறார்கள். காய் விழும் தரையில் ஆடுமாடு மேய்கிறது. சாணம் பட்ட காயை ஒரு தடவை அலசினால் மட்டும் போதாது. "இத்தனை புளிப்பில் கிருமி பிழைக்குமா?" என்று கேட்பார்கள். பிழைக்கும். 1996-இல் அமெரிக்காவில், சூடுபடுத்தாத ஆப்பிள் சாற்றிலிருந்த ஈ.கோலை கிருமியால் பலர் நோயுற்றனர். ஒரு குழந்தை இறந்தது. ஆப்பிள் சாறும் புளிப்புத்தான்.

ஆகவே விற்பனைக்கான சாற்றைச் சூடாக்கியே தீர வேண்டும். கொதிக்க வைக்கத் தேவையில்லை. பிழிந்த உடனேயே அடுப்பில் ஏற்றி, 85 டிகிரியைத் தாண்டியதும், கொதிநீரில் போட்டெடுத்த புட்டிகளில் அந்தச் சூட்டோடு கழுத்து வரை ஊற்றி மூட வேண்டும். மூடியிலும் சூடு படும்படி இரண்டு மூன்று நிமிடம் சாய்த்து வைக்கலாம். கையால் தொட்டுப் பார்த்துச் சூட்டை மதிப்பிடுவது உதவாது, வெப்பமானி அவசியம்.

பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். புட்டிகளை முதலில் வெந்நீரிலும், பின் வெதுவெதுப்பான நீரிலும், கடைசியில் குளிர்நீரிலும் இறக்கி விரைவாக ஆற்ற வேண்டும். பெட்டியில் நெருக்கி அடுக்கி இரவு முழுவதும் சூட்டோடு விட்டுவிடும் பழக்கத்தால்தான் சாறு பழுப்பேறிச் சத்தும் குறைகிறது.