எதிர்ப்பு சக்தி ஒரே சரக்கல்ல

கொரோனாவுக்குப் பிறகு, எதிர்ப்பு சக்தியை ஏற்றிக்கொள்ளச் சொல்லாத விளம்பரம் இல்லை. உடம்புக்குள் ஏதோ தொட்டி இருப்பது போலவும், அது நிறைந்தால் எந்த நோயும் அண்டாது, வற்றினால் எல்லாம் புகுந்துவிடும் என்பது போலவும் பேசுகிறார்கள். படித்தவர்களும் நம்புகிறார்கள். இது அடிப்படையிலேயே பிழை.

ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடற்புழுவைப் பாருங்கள். மண்ணிலிருந்து வெறுங்கால் தோலைத் துளைத்து ஏறி, உடம்புக்குள்ளேயே இனம் பெருக்கிப் பல பத்தாண்டுகள் தங்கிவிடும். தொட்டிக் கணக்குப்படி, எச்ஐவியால் வெள்ளணுக்கள் சரிந்தவர்களிடம்தான் இது கட்டுமீறிப் பெருக வேண்டும். மருத்துவர்களும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். ஆனால் அது அபூர்வமாகவே நடந்தது. மாறாக, எச்டிஎல்வி-1 என்ற இன்னொரு வைரஸ் பரவலாக உள்ள ஒகினாவாவிலும் ஜமைக்காவிலும், அந்த வைரஸ் உள்ளவர்களிடம் இதே புழு மருந்துக்கும் எளிதில் அடங்குவதில்லை. நுரையீரல்வரை பரவி ஆளையே கொன்றதும் உண்டு. இத்தனைக்கும் அவர்கள் உடம்பில் இன்டர்ஃபெரான் காமா என்ற எதிர்ப்புச் சமிக்ஞை ஏராளமாகச் சுரக்கிறது. உடம்பின் எதிர்ப்பை வைரஸ் அந்தச் சமிக்ஞையின் பக்கம் இழுத்துவிடுவதால், புழுவை விரட்டத் தேவையான ஐஎல்-4, ஐஎல்-5 என்ற சமிக்ஞைகளும் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளும் இறங்கிப்போகின்றன. எதிர்ப்பு இருக்கிறது, அதுவும் மிதமிஞ்சி. புழுவுக்கு எதிராக மட்டும் இல்லை. எந்த லேகியம் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டு வேலை செய்யும்?

இதன் மறுபக்கத்தைச் சென்னையிலேயே கண்டிருக்கிறார்கள். காசநோய்க் கிருமியை அடக்க அதே இன்டர்ஃபெரான் காமா வேண்டும். தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்த ஆய்வுகளில், அறிகுறியில்லாமல் காசநோய்க் கிருமியைச் சுமப்பவர்களுக்கு இந்தப் புழுவும் இருந்தால், கிருமிக்கு எதிராக இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கும் டி அணுக்களின் செயல்பாடு மங்கியிருந்தது. புழுவுக்கு மருந்து கொடுத்தபின் அது மீண்டும் கூடியது.

அப்படியானால் பூச்சி மருந்து கொடுத்தால் தீர்ந்தது என்று அடுத்த அவசரக்காரர் கிளம்புவார். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவின் காட்டெருமைகளிடம் ஆய்வாளர்கள் எஸன்வாவும் ஜோலஸும் செய்த ஆய்வு 2015-இல் வெளியானது. புழு நீக்கிய எருமைகளுக்குக் காசநோய் தொற்றுவது குறையவில்லை. தொற்றியபின் சாகும் அபாயம் மட்டும் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்தது. எருமைக்கு நல்லதுதான், மந்தைக்கு அல்ல. நோயோடு நெடுநாள் உயிர்வாழும் எருமை நெடுநாள் நோயைப் பரப்பும். நோயுற்ற ஓர் எருமையிடமிருந்து தொற்றுப் பெறும் எருமைகளின் எண்ணிக்கை சுமார் 8 மடங்காகும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

மனிதருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது, நம்மிடம் காசநோய் மருந்து இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன்: வெறுங்காலோடு வயலில் நிற்பவர் காசநோய் மையத்துக்கு வந்தால் சளியை மட்டும் ஏன் பரிசோதிக்கிறோம்? மலத்தையும் பாருங்கள், இரண்டு நோய்க்கும் சேர்த்து மருந்து கொடுங்கள். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் இருந்தால் பள்ளியில் தரும் ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரை போதாது, ஐவர்மெக்டின் வேண்டும்.