கேட்டைத் திறந்தவர் மட்டுமா பொறுப்பு?

2025 ஜனவரி 8 இரவு. திருப்பதி பைராகி பட்டேடா பகுதியில், வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கனுக்கு வந்தவர்களைப் பூங்கா ஒன்றில் உட்காரவைத்திருந்தார்கள். டோக்கன் தருவது மறுநாள் காலை 5 மணிக்குத்தான். கூட்டத்தில் ஒரு பெண்ணுக்கு உடம்பு முடியாமல் போனது. அவரை வெளியே அழைத்துவர போலீஸ் அதிகாரி கேட்டைத் திறந்தார் என்று செய்திகள் கூறின. டோக்கன் கொடுக்கிறார்கள் என்று நினைத்த கூட்டம் முண்டியடித்தது. அன்றிரவு திருப்பதி நெரிசலில் மொத்தம் ஆறு பேர் இறந்தார்கள். சேலம் மாவட்டப் பெண்மணி ஒருவரும் அவர்களில் அடக்கம்.

மறுநாளே டிஎஸ்பி ஒருவரும் திருமலை திருப்பதி தேவஸ்தான அதிகாரி ஒருவரும் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள், எஸ்பி இடமாற்றப்பட்டார்.

கூட்டம் எழாமல் இருந்திருந்தால், அதே கேட்டைத் திறந்ததற்காக அந்த அதிகாரியைப் பாராட்டியிருப்பார்கள். செயல் ஒன்றுதான். அதைப் புண்ணியமாகவோ பழியாகவோ ஆக்கியது அவர் கையில் இல்லாத ஒன்று. கையில் இல்லாத விளைவுக்கு ஒருவரைப் பொறுப்பாக்கலாமா என்பது பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரு தத்துவவாதிகள் 1976-ல் எழுப்பிய கேள்வி. விளைவை வைத்து எடைபோடுவது நம் சட்டத்திலும் உண்டு. தாறுமாறாக வண்டி ஓட்டினால், பாரதிய நியாய சம்ஹிதையின் 281-வது பிரிவில் அதிகபட்சம் ஆறு மாதச் சிறை. அதே ஓட்டத்தில் ஒருவர் குறுக்கே வந்து இறந்துவிட்டால், 106-வது பிரிவில் ஐந்து ஆண்டுகள் வரை.

விளைவைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்று இறந்தவர் வீட்டு வாசலில் நின்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், நொடியில் முடிவெடுத்தவரோடு விசாரணை நின்றுவிடக் கூடாது. முதல் மூன்று நாட்களுக்கான சுமார் 1.2 லட்சம் டோக்கன்களை ஒரே காலையிலிருந்து நேரில் தருவது என்று முடிவெடுத்தவர்களுக்கு யோசிக்க வாரக்கணக்கில் அவகாசம் இருந்தது. முந்தின நாளே கூட்டம் திரளும் என்பது திருப்பதியில் ஆட்டோ ஓட்டுபவருக்கும் தெரியும். ஒரு மையத்தில் உயிர்ச்சேதம் இல்லை என்பதாலேயே அங்கிருந்த ஏற்பாடு சரி என்றாகிவிடாது.

அடுத்த வைகுண்ட ஏகாதசிக்கு, அதே முதல் மூன்று நாட்களின் தரிசனத்தை இணையவழிக் குலுக்கலுக்கு மாற்றியது தேவஸ்தானம். அப்படியானால் வேறு வழி முன்பும் இருந்தது.

எனவே உயிர்ப்பலி நேர்ந்த பிறகு மட்டும் விசாரணைக் கமிஷன் வைப்பது போதாது. ஒவ்வொரு பிரம்மோற்சவம், ஏகாதசி முடிந்ததும், எந்தெந்த வரிசையில் தடுப்பு சரிந்தது, எங்கே மயிரிழையில் தப்பினோம் என்பதை தேவஸ்தானமும் காவல்துறையும் பதிவுசெய்து வெளியிட வேண்டும். அந்த ஏற்பாட்டுக்குக் கையெழுத்திட்டவர் பதில் சொல்ல வேண்டும்.