மகப்பேறு விடுப்புச் சம்பளம் யார் தலையில்?

மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்திய திருத்தச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. 1961-ஆம் ஆண்டின் பழைய சட்டம் போய், 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அமலாகிவிட்டது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு அதே 26 வாரம் அதிலும் தொடர்கிறது. பிரசவம் என்றால் ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ ரயிலேறி வந்தாக வேண்டிய நம் வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த விடுப்பின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இந்த ஆறு மாதச் சம்பளத்தை யார் கொடுப்பது? இதில்தான் சிக்கல் இருக்கிறது.

ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ள பெண்ணுக்கு அந்தக் கழகமே கொடுத்துவிடுகிறது. 2019 ஜூலையில் நிர்ணயித்த விகிதப்படி முதலாளி சம்பளத்தில் 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் செலுத்துகிறார்கள். ஆண், பெண் என்ற பேதமின்றி எல்லோருக்காகவும் கட்டும் பணம் இது. நோயுற்றவருக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளமும் இதிலிருந்தே கிடைக்கிறது.

ஆனால் இத்திட்டத்துக்குச் சம்பள வரம்பு உண்டு. 2017 ஜனவரியில் அது மாதம் 21,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. வரம்பைத் தாண்டிய பெண்ணுக்கு அவருடைய முதலாளியே முழுச் சம்பளமும் தர வேண்டும். மாதம் 30,000 ரூபாய் வாங்குபவர் என்றால் சுமார் 1,80,000 ரூபாய். அவர் வேலையைப் பார்க்க வைக்கும் மாற்று ஆளுக்குச் சம்பளம் தனி. பெரிய கம்பெனிக்கு இது பொருட்டல்ல. பன்னிரண்டு பேரை வைத்து ஓட்டலோ, அச்சகமோ, கணக்கு அலுவலகமோ நடத்தும் நம்மவருக்கு இது பெரும் பாரம்.

அதன் விளைவை நம் வீட்டுப் பெண்கள்தான் அனுபவிக்கிறார்கள். "கல்யாணம் ஆகிவிட்டதா? குழந்தை உண்டா?" என்று நேர்காணலில் கேட்பார்கள். வேலை அடுத்த ஆணுக்குப் போய்விடும். காரணத்தை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. எனவே வழக்குப் போடவும் வழியில்லை. பெண்ணுக்கு நன்மை செய்ய வந்த சட்டமே அவளுக்கு வாசற்கதவை அடைப்பதா?

அதற்காக விடுப்பைக் குறைக்கச் சொல்வது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதாகும். செலவைப் பங்கிடுவதே சரியான வழி. மகப்பேற்றுச் செலவைத் தனி முதலாளி தலையில் நேரடியாகச் சுமத்தக் கூடாது என்பதே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 183-ஆம் ஒப்பந்தத்தின் பொது விதி. நாட்டின் நாளைய தலைமுறைக்கான செலவு அது. ஆகவே மகப்பேற்றுக்கு மட்டுமாவது சம்பள வரம்பை நீக்கி, எல்லா நிறுவனங்களிடமும் சிறு சந்தா வாங்கிப் பொது நிதியாக்கலாம். அரசும் தன் பங்கைப் போட வேண்டும். சந்தா கூடுதல் செலவுதானே என்பார்கள். உண்மைதான். ஆனால் மாதந்தோறும் சில நூறு என்றால் திட்டமிட்டுக் கட்டலாம். திடீரென்று லட்சம் என்றால் சிறு கடை தாங்காது.

தந்தைக்கும் அந்த நிதியிலிருந்து விடுப்பு வேண்டும். மத்திய அரசில் பணிபுரியும் ஆணுக்கு 15 நாள் உண்டு. தனியார் நிறுவன ஊழியருக்கு நாடு தழுவிய சட்டம் எதுவும் இல்லை. ஆணும் விடுப்பு எடுப்பான் என்றால், பெண்ணிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்பதில் அர்த்தமிராது.

சட்டம் மாறுவது அரசின் கையில் இருக்கிறது. அதுவரை, நம் சங்கத்து முதலாளிமார்கள் நேர்காணலில் அந்த இரண்டு கேள்விகளையும் விட்டுவிடலாம். அதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.