ஓடைக்கு ஒரு நோட்டு போடுவோம்



போன சித்திரையில் நம்ம ஊர் ஓடையில் மீன்கள் செத்து மிதந்ததை எல்லாரும் பார்த்தோம். கெண்டை, அயிரை, விரால் எல்லாம் கரையில் ஒதுங்கிக் கிடந்தது. தண்ணீர் கறுத்துப்போய் நாற்றம் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள்தான் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனார்கள். அதற்குள் ஒரு மழையும் பெய்துவிட்டது. கடைசியில் "தண்ணீரில் குறை இல்லை, வெயிலில் ஆக்சிஜன் குறைந்து செத்திருக்கும்" என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு இது சரியாகப் படவில்லை.

தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும் என்பது உண்மைதான். மீன்கள் வாழும் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளவு வைத்திருக்கிறது. ஆனால் விரால் மேலே வந்து காற்றையே நேராகச் சுவாசிக்கும். எங்க அப்பத்தா அன்றைக்கே சொன்னாங்க: "வெயிலுக்கு விரால் சாவாது தாயி, இது வெசம்." அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனா அவங்க கேட்டதை வேறு யாருமே கேட்கவில்லையே!

அப்பத்தா சொன்னது சரியா என்று இப்போது நிரூபிக்க முடியாது. ஓடுகிற தண்ணீர் விஷத்தையும் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் அன்றைக்கே சோதிக்கணும்.

2024 மே மாதம் கேரளாவில் பெரியாற்றில், ஏலூர் பக்கம், மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அங்கேயும் ஆக்சிஜன் குறைவுதான் காரணம் என்று முதலில் சொல்லப்பட்டது. மீன்வளப் பல்கலைக்கழகம் சோதித்தபோது அம்மோனியாவும் சல்ஃபைடும் ஆபத்தான அளவில் இருந்தது தெரிந்தது. அங்கே சோதிக்கப் பல்கலைக்கழகம் இருந்தது. நம்ம ஓடைக்கு யார் இருக்கா? நாமதான்.

என் கருத்து இதுதான். நம்ம பள்ளியில் ஓடைக்கு ஒரு நோட்டு போட வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் அறிவியல் ஆசிரியரோடு போய் தண்ணீரின் நிறம், வாடை, வெப்பநிலை எழுதலாம். பி.எச். தாளில் நனைத்துப் பார்க்கலாம். 6.5 முதல் 8.5 வரை இருந்தால் மீனுக்கு நல்லது. கல்லைப் புரட்டிப் பார்க்கலாம். மூன்று வால் உள்ள குட்டிப் பூச்சியும், மணலால் கூடு கட்டும் புழுவும் நிறைய இருந்தால் நல்ல தண்ணீர். வெறும் சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் தண்ணீர் கெட்டிருக்கிறது. விஷம் ஒரே நாளில் ஓடிப் போகலாம், செத்த பூச்சிகள் திரும்பப் பெருகப் பல வாரம் ஆகும். அதுதான் சாட்சி.

மறுபடி மீன் செத்தால் யாரும் கை வைக்காதீங்க, மாட்டையும் தண்ணீர் குடிக்க விடாதீங்க. உடனே ஆசிரியரிடம் சொல்லுங்க. மீன் செத்த இடம், அதற்கு மேலே, அதற்குக் கீழே என்று மூன்று இடத்திலும் அன்றைக்கே தண்ணீர் எடுக்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

நேற்று ஓடை எப்படி இருந்தது என்று நம்ம கையில் எழுத்து இருந்தால், "குறை இல்லை" என்று யாரும் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. மீனுக்கு வாய் இல்லை, நமக்கு இருக்கு. நோட்டுக்கு முதல் பத்து ரூபாய் நான் தருகிறேன். யார் யார் வர்றீங்க?



– ஒன்பதாம் வகுப்பு மாணவி