கிணறு இல்லாத படம்



1990 ஒக்டோபரில் சாவகச்சேரியிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்களில் ஒன்று, திரும்பி வந்து வீடு கட்டுகிறது. அத்திவாரத்திற்குத் துஆ ஓத என்னை அழைத்தார்கள். வீட்டுப் படத்தையும் காட்டினார்கள். புத்தளத்தில் உறவினர் கட்டிய வீட்டின் போட்டோப் பிரதி அது. படவரைஞருக்குக் கொடுக்கும் பணம் மிச்சமாம்! அந்தப் படத்தில் கிணறே இல்லை. அங்கே குழாய்த் தண்ணீர். இங்கே மேசன் மலக்குழிக்குக் கயிறு பிடித்திருந்த இடமோ, கிணற்றிலிருந்து பன்னிரண்டு அடி.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மணலைப்போல் அது கழிவை வடிகட்டாது. குழியில் இறங்குவது கிணற்றுக்கு வந்துவிடும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, வற்ற வற்ற இன்னும் செறியும். கண்ணுக்கும் நாவுக்கும் தெரியாது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையை மீறினால், புட்டிப்பால் குடிக்கும் பச்சிளம் குழந்தைக்கு உடம்பு நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. அந்த வீட்டு மருமகளின் மடியில் மூன்று மாதப் பிள்ளை!

தொழில் தெரிந்தவர் காணியை வந்து பார்ப்பார். வேலிக்கு அப்பால் அயலவர் கிணற்றையும் அளந்த பின்தான் கோடு கீறுவார். டைல்ஸ் நிறத்திற்காகக் கடை கடையாய் ஏறி இறங்கும் நமக்கு, இவருக்குக் கொடுக்க மட்டும் கை சுருங்குகிறது.

மதீனாவில் பள்ளிவாசல் கட்டப்பட்டபோது, மண் குழைப்பதில் தேர்ந்த தல்க் பின் அலீ (ரலி) அவர்களிடமே அந்த வேலையை விடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். வெறும் மண் குழைப்பதற்கே!

துஆவை ஒரு வாரம் தள்ளி வைத்தேன். வீட்டுப் பெரியவருக்கு மனத்தாங்கல்தான். குழி இப்போது காணியின் மறுகோடியில் வெட்டப்படுகிறது.