தகடு வெட்டும் தானியங்கி மேசை

இரும்புத் தகட்டொன்றிலே கொடியும் பூவுமாக ஒரு வேலைப்பாட்டை வெட்டியெடுப்பதற்குக் கைதேர்ந்த தொழிலாளி ஒருவர்க்கும் ஒரு பகற்பொழுது வேண்டியிருக்கும். அதனையே சில நிமிடங்களில் வெட்டி முடிக்கும் மேசையொன்றைத் தம் வீட்டுக் கொட்டகையில் தாமே கட்டிக்கொள்ளும் வழக்கம், அமெரிக்காவில் உலோக வேலையில் நாட்டமுடையோரிடையே இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் பரவி வந்திருக்கிறது. ஆலைகளுக்கே உரியதெனக் கருதப்பட்ட பொறி வீட்டுக்குள் வந்தது எவ்வாறு, வந்தபின் அவ்வீட்டார் எவற்றை அறிந்திருத்தல் வேண்டும் என்பவற்றை இவ்வாரம் நோக்குவோம்.

இம்மேசையிலே இரண்டு கலைகள் கூடியிருக்கின்றன. ஒன்று எண்களைக் கொண்டு பொறியை நடத்தும் கலை. மிச்சிகன் மாநிலத்திலுள்ள டிராவர்ஸ் சிற்றி என்னும் ஊரில் ஜோன் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகொப்டர் இறகுகளைச் செய்துவந்தார். இறகின் வளைவைக் கண்ணளவால் வெட்டுதல் அவருக்குத் திருப்தி அளிக்கவில்லை. பிராங்க் ஸ்டூலன் என்னும் பொறியியலாளரின் துணையுடன், துளையட்டைக் கணிப்பொறியால் வளைவின் புள்ளிகளை நெருக்கமாகக் கணித்து, புள்ளி புள்ளியாக வெட்டும் முறையை அவர் வகுத்தார். இம்முயற்சிக்கு அமெரிக்க விமானப்படை பொருளுதவி செய்தது. 1952-ல் மசாச்சுசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தார் எண்களால் இயங்கும் துருவற்பொறியை இயக்கிக் காட்டினர். அதனை ஆண்ட மின்னணு அலுமாரி பொறியினும் பருத்திருந்ததாம். பல்கலைக்கழகப் பட்டம் பெறாத பார்சன்ஸ் பிற்காலத்தில், 1985-ல், ஸ்டூலனோடு தேசிய தொழினுட்பப் பதக்கம் பெற்றார்.

மற்றொன்று பிளாஸ்மாச் சுவாலை. யூனியன் கார்பைட் நிறுவனத்தின் லிண்டே பிரிவைச் சேர்ந்த ரொபேட் கேஜ் என்பவர், மின்வில்லை ஒடுங்கிய செப்பு வாயொன்றின் வழியே நெருக்கிச் செலுத்தினால் அது கத்திபோல் உலோகத்தை ஊடறுக்கும் எனக் கண்டு 1957-ல் காப்புரிமை பெற்றார். நெருக்கப்பட்ட வாயுவின் அணுக்களிலிருந்து இலத்திரன்கள் பிரிந்து, வாயுவே மின்கடத்தியாகிவிடுகிறது. இந்நிலையே பிளாஸ்மா எனப்படும். அதன் வெப்பம் 20,000 பாகை செல்சியசை எட்டவல்லது. உருக்கு உருகுவதற்கு 1,500 பாகை போதும் என்பதை நோக்குக. காஸ் கொண்டு வெட்டுவதைக் கண்டவர்கள் பலர் இருப்பர். அங்கே இரும்பு ஒட்சிசனில் எரிந்து வெட்டுப்படுகிறது. ஆதலால் அலுமினியத்தையும் துருப்பிடியாத உருக்கையும் அம்முறையால் வெட்ட இயலாது. பிளாஸ்மாவோ மின்சாரம் பாயும் எவ்வுலோகத்தையும் உருக்கி ஊதித் தள்ளிவிடும். இன்றைய சிறு கருவிகளுக்கு விலையுயர்ந்த வாயுவும் வேண்டியதில்லை. அமுக்கிய காற்றே போதும்.

எனினும், கணினி மலிவானபின்பும் அதனைப் பொறியோடு பேசச்செய்யும் நிரல் மலிவாயிற்றில்லை. 1990களில் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிலையத்தார் அத்தகைய நிரலொன்றை எழுதினர். பொதுப் பணத்தில் எழுதப்பட்டதாகையால் அது பொதுச் சொத்தாயிற்று. ஆர்வலர்கள் அதனை எடுத்து வளர்த்தனர். இன்று லினக்ஸ்சிஎன்சி என்னும் பெயரால் வழங்குவது அதன் வழிவந்ததே. இக்கொடையின்றேல் வீட்டு மேசைகளிற் பல எழுந்திரா என்பது எமது எண்ணம்.

உலோகம் வெட்டும் பொறிகள் பலவிருக்க, இதனை மட்டும் சாதாரண மனிதர் துணிந்து கட்டுவது ஏன்? கடைசற்பொறியில் வெட்டுளி உலோகத்தை முட்டித் தள்ளுகிறது. அவ்விசையைத் தாங்கப் பெரும் வார்ப்பிரும்பு உடல் வேண்டும். பிளாஸ்மாவின் வெட்டுமுனை தகட்டைத் தீண்டுவதேயில்லை. அது தன்னைத்தான் சுமந்து சென்றாற் போதும். ஆகவே சதுரக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த சட்டமும், அதன்மேல் ஓடும் அலுமினியப் பாலமும், பற்சில்லைச் சுழற்றும் ஸ்டெப்பர் மோட்டார்களும் போதுமானவை. பாலம் கனமாயிருத்தல் இங்கே குற்றமாகும். மூன்று மில்லிமீற்றர் தகட்டை நிமிடத்துக்கு இரண்டு மூன்று மீற்றர் வேகத்தில் வெட்டும்போது, மூலைகளிற் கணத்தில் நின்று கணத்தில் திரும்ப வேண்டுமன்றோ? சட்டத்தின் பருமனைக் கண்டு மகிழும் புதியவர்கள் இதனைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை.

செலவையும் சிந்தையையும் செலுத்த வேண்டிய இடம் வேறு. அது வெட்டுமுனையின் உயரம். 45 அம்பியர் அளவிலான கருவிகளில் வெட்டுமுனை தகட்டுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றரில் நிற்றல் வேண்டும். தாழ்ந்தால் முனை தகட்டில் உரசிக் கெடும். உயர்ந்தால் வெட்டு அகன்று விளிம்பு சாயும். முதலில் துளையிடும்போதோ ஏறத்தாழ நான்கு மில்லிமீற்றர் உயரத்தில் நிறுத்தித் துளைத்து, பின்னரே கீழிறக்க வேண்டும். இல்லையேல் தெறிக்கும் உருக்குக் குழம்பு முனையிலேயே ஒட்டிக்கொள்ளும். தகடு கண்ணாடிபோல் தட்டையாயிருந்தால் இவையெல்லாம் எளிது. ஆனால் கடையில் வாங்கும் தகடு பிறப்பிலேயே சற்று வளைந்தது. வெட்டு நடக்க நடக்க வெப்பத்தால் நெளிந்து, ஓரிடம் மேலெழும், ஓரிடம் தாழும்.

இதற்குக் கண்ட உபாயம் அழகானது. மின்வில் நீண்டால் அதன் வோல்ற்றளவு கூடும், குறுகினால் குறையும். ஆகவே 120, 130 வோல்ற்று என்றவாறு நிற்கும் அவ்வளவை ஐம்பதில் ஒரு பங்காகக் குறைத்துக் கணினிக்கு அறிவித்தால், அது வெட்டுமுனையை வேண்டியவாறு ஏற்றியிறக்கும். அளவுகோலின்றி, சுவாலையே தன் உயரத்தைச் சொல்லுகிறது.

ஆயினும் அச்சுவாலை எப்போதும் மெய் சொல்லுவதில்லை. மூலையிலே பாலம் வேகம் தணிகிறபோது, நின்ற இடத்துத் தகடு மிகுதியாக உருகி வெட்டு அகலுகிறது, வில் நீளுகிறது, வோல்ற்றளவு ஏறுகிறது. முனை உயர்ந்துவிட்டதென்று கணினி எண்ணி அதனைக் கீழே அமிழ்த்தி, தகட்டில் மோதவைத்துவிடும். முன்னர் வெட்டிய கோட்டைக் கடக்கும்போதும் இவ்விபத்தே. ஆதலால் வேகம் குறையும் இடங்களில் உயரத்தை மாற்றாதிருக்குமாறு கணினிக்குக் கட்டளையிடுதல் வேண்டும். செப்பு மின்வாயின் நடுவேயுள்ள ஹாஃப்னியம் மணி தேயத் தேயவும் வோல்ற்றளவு மெல்ல உயரும். அதனை அறியாதார், நேற்று நன்றாக வெட்டிய மேசை இன்று தகட்டை உரசுகிறதே என்று சட்டத்தைக் கழற்றிப் பூட்டி நாட்களைப் போக்குவர். மாற்ற வேண்டியது ஒரு சிறு செப்புத் துண்டு மாத்திரமே.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வில்லை எழுப்ப உயர் அதிர்வெண் மின்பொறியைப் பயன்படுத்தும் மலிவான கருவிகள், அருகிலுள்ள கணினியைத் திகைக்கச் செய்து வேலையை நடுவில் நிறுத்திவிடும். மின்வாயும் வாய்முனையும் தொட்டு விலகி வில்லெழுப்பும் கருவியையே மேசைக்கு வாங்குதல் நன்று. சட்டத்துக்குச் செம்மையான நிலத்தொடுப்பும் அவசியம்.

இனி, கொட்டகைக்கு அடுத்த அறையில் வாழ்வோர் அறிய வேண்டியவை. சுவாலையின் புறஊதாக் கதிர் சற்று நேரம் பார்த்தாலும் இரவிற் கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற வேதனையைத் தரும். சிறுவர்க்கு அது வேடிக்கையாகத் தோன்றுமாதலால் கதவை அடைத்தல் நலம். நாகம் பூசிய தகட்டை வெட்டினால் எழும் வெண்புகை காய்ச்சலை உண்டாக்கும். குளோரின் கலந்த திரவத்தால் எண்ணெய் துடைத்த தகட்டை வெட்டவே கூடாது. அதன் ஆவி இக்கதிர் பட்டால் பொஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாக மாறவல்லது.

புகையையும் தூசியையும் அடக்குவதற்காகத் தகட்டின் கீழே நீர்த்தொட்டி வைப்பது வழக்கம். இரும்புக்கு அது மிக உகந்தது. அலுமினியத்துக்கு நிலை வேறு. உருகிய அலுமினியத் துளிகள் நீரோடு சேர்ந்து ஐதரசன் வாயுவை வெளியிடுகின்றன. அது தகட்டின் அடியிலே தேங்கி நின்றால், மறுமுறை எழும் சுவாலை அதனை வெடிக்கச் செய்யும். வெட்டு முடிந்தபின்னும் தொட்டியின் அடியிற் கிடக்கும் துகள்கள் நெடுநேரம் வாயுவைக் கக்கிக்கொண்டிருக்கும் என்பதையே பலர் மறந்துவிடுகின்றனர். அலுமினியம் வெட்டுவதாயின் நீரை வடித்துத் தொட்டியைச் சுரண்டிக் கழுவிய பின்னரே வெட்டுதல் உத்தமம். நீரின்மேல் வெட்ட நேரின், காற்றுக் குழாயால் நீரைக் கலக்கிக்கொண்டேயிருக்க வேண்டும். தகட்டை இரவில் மேசைமீது மூடிவைத்தாற்போல் விட்டுச் செல்லலாகாது. காலையில் கொட்டகையின் கதவு சன்னல்களைத் திறந்து, நீரைக் கிளறி, சற்றுப் பொறுத்தே முதற் சுவாலையை எழுப்புதல் வேண்டும்.