எழுத்து வரைபவருக்குக் கூலி இல்லையா?

பால் பாக்கெட்டில் எழுத்து. ரேஷன் கடைப் பலகையில் எழுத்து. பஸ்சின் நெற்றியில் எழுத்து. மாத்திரை அட்டையில் எழுத்து. மகளின் கல்யாணப் பத்திரிகையில் எழுத்து. எதிர் வீட்டுப் பெரியவர் காலமானால் சுவரில் ஒட்டுகிறார்களே, அந்தக் கண்ணீர் அஞ்சலியிலும் எழுத்து!

இவை எல்லாம் தாமாக முளைத்தவை அல்ல. ஒருவர் உட்கார்ந்து வரைந்த வடிவங்கள். இன்னொருவர் அவற்றைத் தேர்ந்தெடுத்து, அளவு பார்த்து, இடம் பார்த்து வைத்திருக்கிறார்.

அவரை நமக்குத் தெரியுமா? தெரியாது. அவர் உழைப்புக்கு நாம் என்ன தருகிறோம்? பெரும்பாலும் ஒரு டீ!

இது நியாயமா என்பதுதான் கேள்வி.

வடசென்னையைப் பாருங்கள்

ராயபுரத்தில் தொடங்கி, காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை ஒருமுறை போய் வாருங்கள். எழுத்துக்கு அங்கே எத்தனை வேலை என்பது தெரியும்.

ராயபுரம் ரெயில் நிலையம் 1856-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. தென்னாட்டின் முதல் பயணிகள் ரெயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. நம் ரெயில் நிலையங்களில் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்கிறதே, ஏன்? ஓடும் வண்டியில் இருப்பவர் கண்ணுக்கும் ஊர்ப் பெயர் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக.

காசிமேட்டில் ஒவ்வொரு விசைப்படகிலும் ஒரு பெயர். குலதெய்வத்தின் பெயர், மாதாவின் பெயர், பெற்ற பிள்ளையின் பெயர். பக்கத்தில் பதிவு எண். கரையில் நிற்கும் மனைவி தூரத்திலேயே அந்த எழுத்தைப் பார்த்துத் "தம் படகு வந்துவிட்டது" என்று மூச்சு விடுகிறாள்.

எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள். அவற்றின் நம்பர் பிளேட்டுக்கு 1989-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதி அளவே சொல்கிறது. எழுத்தின் உயரம் 65 மில்லி மீட்டர். தடிமன் 10 மில்லி மீட்டர். எழுத்துக்கு எழுத்து இடைவெளி 10 மில்லி மீட்டர்.

திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலுக்குப் போனால் சோழர் காலக் கல்வெட்டுகள். உளி கொண்டு கல்லில் எழுத்து வெட்டிய கைகள் அன்றைக்கே இந்த ஊரில் இருந்திருக்கின்றன. எழுத்துத் தொழில் இங்கே நேற்று வந்தது அல்ல.

தூரிகை போய் மவுஸ் வந்தது

முன்பெல்லாம் பெயர்ப் பலகை எழுத ஓவியர் வருவார். நூலில் சுண்ணாம்பு தடவிக் கோடு அடிப்பார். பென்சிலால் எழுத்தின் உருவம் போடுவார். பிறகு எனாமல் பெயிண்டைத் தொட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு வளைவை இழுப்பார். தெருப் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

பிறகு பிளெக்ஸ் வந்தது. கம்ப்யூட்டரில் தட்டினால் சில நிமிடங்களில் பேனர். ஓவியர்களுக்கு வேலை குறைந்தது. சிலர் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போனார்கள். சிலர் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

இப்போது அந்த வேலையைச் செய்பவர் டிசைனர். கடையில் மாதச் சம்பளத்துக்கு இருப்பவர் உண்டு. வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, வரும் வேலையைச் சொந்தமாகச் செய்து கொடுப்பவரும் உண்டு. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு டி.டி.பி. வேலை செய்யும் பெண்களும் உண்டு.

முதலாளி இல்லை. அதனால் திட்டு இல்லை என்று நினைக்காதீர்கள். வருகிற ஒவ்வொரு வாடிக்கைக்காரரும் முதலாளிதான்!

இரவு பத்து மணிக்குப் போனில் மேட்டர் வரும். "காலையில் பிரிண்டுக்குப் போகணும்" என்று கூடவே ஒரு கட்டளை வரும். பெரியப்பா பெயர் விட்டுப்போயிற்று என்று நடுராத்திரியில் ஒரு திருத்தம். மாமாவின் போட்டோ சிறியதாக இருக்கிறது என்று விடியற்காலையில் இன்னொரு திருத்தம். "எல்லா எழுத்தையும் பெரிதாகப் போடு" என்று கடைசியில் ஓர் உத்தரவு. எல்லாம் பெரிதானால் எதுதான் பெரிதாகத் தெரியும்?

வேலை முடிந்தது. காகிதக்காரருக்குப் பணம் போகிறது. அச்சகத்துக்குப் பணம் போகிறது. பிளெக்சுக்குச் சதுர அடிக் கணக்கில் பணம் போகிறது. டிசைனருக்கு மட்டும், "கம்ப்யூட்டர்தானே செய்தது, இதற்குத் தனியாகக் காசா?" என்ற கேள்வி வருகிறது.

அரிவாள் தானாக நெல் அறுக்குமா? தையல் மிஷின் தானாகச் சட்டை தைக்குமா?

ஆசைதான் பிடித்து வைக்கிறது

இவ்வளவு தொல்லையிலும் அவர் ஏன் வேறு வேலைக்குப் போகவில்லை? எழுத்தின் மேல் ஆசை!

'ழ' என்ற எழுத்தின் கீழே இறங்கும் வளைவைச் சரியாக முடிப்பது அவருக்கு ஒரு சந்தோஷம். 'ண'வின் சுழிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் நிற்பது ஒரு சந்தோஷம். இந்த ஆசைக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது.

1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற சிறு நூல் அச்சாயிற்று. 16 பக்கம்தான். தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைத்திருப்பவற்றில் அதுவே பழையது.

பிறகு தரங்கம்பாடி. சீகன்பால்கு பாதிரியாருக்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பினார்கள். அவை மிகப் பெரியவை. காகிதம் ஏகமாகச் செலவாயிற்று. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. எழுத்தின் உருவம் மாறினால் செலவும் மாறும் என்பது அன்றைக்கே தெரிந்த பாடம்.

1761-இல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தார்கள். அங்கிருந்த அச்சு இயந்திரத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். அது வேப்பேரியில் பெப்ரீசியஸ் பாதிரியாரிடம் போய்ச் சேர்ந்தது. சென்னையில் அச்சுத் தொழில் அங்கே வேர் விட்டது.

1978-ஐ நினைவிருக்கிறதா? அதற்கு முன் பள்ளி சென்ற தாத்தாவைக் கேளுங்கள். 'லை' என்ற எழுத்துக்கு அப்போது தலைக்கு மேல் ஒரு துதிக்கை! 'னா' என்ற எழுத்துக்கு உடம்போடு ஒட்டிய ஒரு சுழி! பெரியார் 1935 முதல் தம் பத்திரிகையில் கையாண்ட சீர்திருத்தத்தை எம்.ஜி.ஆர். அரசு 1978-இல் ஏற்றது. 13 எழுத்துகள் உருவம் மாறின. அச்சுக் கோப்பவருக்கு வேலை எளிதாயிற்று. படிக்கும் பிள்ளைக்கும் எளிதாயிற்று.

கம்ப்யூட்டர் காலத்திலும் இந்தக் கதை தொடர்கிறது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இலேயே 'முரசு அஞ்சல்' என்ற மென்பொருளைத் தொடங்கினார். ஆப்பிள் கருவிகளில் நாம் காணும் தமிழ் எழுத்துருக்களில் சில அவர் கைவண்ணம். இலங்கையின் தாரிக் அஸீஸ் 'பவனம்', 'கவிவனார்' என்ற எழுத்துருக்களை வடித்தார்.

காசிமேட்டுக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்கிறார்களே, அது நம் கட்டுமரம்தான். அந்தப் பெயரிலேயே ஒரு தமிழ் எழுத்துரு இருக்கிறது. பிரியா ரவிச்சந்திரன் வடித்தது. மிக மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை 9 கனங்களில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் விலையில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

ஓர் எழுத்துருவை வடிப்பது லேசான காரியமா? தமிழில் 247 எழுத்து. கால், கொம்பு ஆகியவற்றைத் தனியே வரைந்து சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கு, சு, டு, மு என்று போகும் வரிசையில் அது நடக்காது. கூ, சூ, டூ, மூ வரிசையும் அப்படியே. இந்த இரண்டு வரிசையில் மட்டும் 36 எழுத்துகள். ஒவ்வொன்றையும் தனியாக வரைந்தாக வேண்டும். பிறகு எந்த எழுத்தின் பக்கத்தில் எந்த எழுத்து வந்தாலும் இடைவெளி உறுத்தாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண் பூத்துப்போகும் வேலை!

அழகுக்கு மட்டுமா?

"எழுத்து எப்படி இருந்தால் என்ன? படித்தால் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள்.

படிக்க முடிகிறதா என்பதுதான் சங்கதியே!

படித்துப் பழகியவர்கள் சொல்லின் தலையைப் பார்த்ததும் வாலைச் சொல்லிவிடுவார்கள். புதிதாகப் படிக்கக் கற்றவர்கள் அப்படி அல்ல. ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் போகிறார்கள். 1990-களில் அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கற்ற எத்தனையோ தாய்மார்கள் இன்று பாட்டிகள். அவர்களுக்கு ஒரு புள்ளி மறைந்தாலும் வழி மறைந்துபோகும்.

'நில்' என்பதில் புள்ளி அழிந்தால் 'நில' ஆகிவிடும். 'பிடி' என்பதற்கும் 'பீடி' என்பதற்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். 'கொடு', 'கோடு' இரண்டுக்கும் கொம்பில்தான் வித்தியாசம். பல எழுத்துருக்களில் 'ர' எது, கால் எது என்றே தெரிவதில்லை. நீளமான தமிழ்ச் சொல்லைச் சின்ன இடத்தில் அடைக்க எழுத்தை இரண்டு பக்கமும் அமுக்குகிறார்கள். சுழி அடைத்துப்போகிறது. புள்ளி மேல்வரியில் முட்டிக்கொள்கிறது.

2023 டிசம்பர் 26. நள்ளிரவு நேரம். எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. மூச்சுத் திணறிய மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் 'அபாயம்' என்ற ஒரு சொல், 'இந்தப் பக்கம் ஓடுங்கள்' என்ற ஒரு வரி, உயிரைக் காக்கும் எழுத்து. இருட்டிலும் பதற்றத்திலும், கண்ணாடி போடாத கண்ணுக்கும் அது புரிய வேண்டும். அதை வரைகிறவர் அலங்காரம் செய்யவில்லை. காவல் வேலை செய்கிறார்!

கடைப் பலகையில் தமிழுக்கு 5 பங்கு, ஆங்கிலத்துக்கு 3 பங்கு, பிற மொழிக்கு 2 பங்கு என்று தமிழக விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால் விதி அளவைத்தான் தரும். தெளிவைத் தருவது வரைபவரின் கைதான்.

ஏழைக் கடைக்காரர் என்ன செய்வார்?

"தள்ளுவண்டியில் இட்லி விற்கும் அம்மா டிசைனுக்கு எங்கே பணம் கொடுப்பாள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

அந்த அம்மாளிடம் நிறையக் கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சின்ன வேலைக்குச் சின்னக் கூலி. ஆனால் கூலி என்று ஒன்று இருக்க வேண்டும். அவள் இட்லியை யாராவது சும்மா சாப்பிட்டுவிட்டுப் போனால் அவள் விடுவாளா? லட்சக்கணக்கில் செலவழித்து விழா எடுப்பவர், டிசைனரிடம் மட்டும் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவதுதான் கொடுமை.

கூலியைக் குறைத்தால் வேலை கெடும். காசு கிடைக்காதவர் பழைய பேனரைத் திறந்து பெயரை மட்டும் மாற்றித் தருவார். தப்பும் தவறுமாக அச்சாகும். நஷ்டம் யாருக்கு?

செய்ய வேண்டியது என்ன?

வேலை கொடுப்பவர்கள் மேட்டரை முழுதாக எழுதிக் கொடுக்க வேண்டும். பாதிப் பணம் முன்னால், மீதி வேலை முடிந்ததும் என்று வைத்துக்கொள்ளலாம். திருத்தம் இரண்டு முறை. அதற்கு மேல் தனிக் கூலி.

டிசைனர்களும் வாய் திறந்து கூலியைச் சொல்ல வேண்டும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். கம்பெனிகளுக்கு வேலை செய்பவர்கள் சிறு தொழிலாக 'உத்யம்' பதிவு செய்துகொள்வது நல்லது. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்த சிறு தொழில்காரருக்குப் பேசிய கெடுவுக்குள் பணம் தர வேண்டும். எப்படிப் பேசியிருந்தாலும் அது 45 நாளைத் தாண்டக் கூடாது. கெடு எதுவும் பேசவில்லை என்றால் 15 நாள். தாமதித்தால் வட்டி சேரும். வரைந்த படத்தின் உரிமையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுப்பதானால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அது எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப் பேச்சு போதாது.

தொழிற்சாலைகளும் அரசு அலுவலகங்களும் இன்னொன்று செய்யலாம். எச்சரிக்கைப் பலகையை மாட்டுவதற்கு முன், அந்தப் பகுதியில் புதிதாகப் படிக்கக் கற்ற ஒரு தாயை அழைத்து, பத்தடி தள்ளி நிற்க வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறாமல் படித்தால் பலகை தேறியது. தடுமாறினால் எழுத்தை மாற்றுங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

பத்து மாதம் வட்டி கட்டிக் கடை திறக்கிறவர், பலகையில் தன் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து நிற்கிறார். அந்த நிமிர்வைத் தந்தவர் பக்கத்துத் தெருவில் கண்ணைக் கசக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர் கூலியை அன்றைக்கே எண்ணிக் கொடுத்துவிடுங்கள்!